லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வருஷம் என் அக்கா மகன் தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தான். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு போட்டது. ஆன்லைன் வகுப்பின் நடுவே வைஃபை அறுந்துவிடும், அரை நிமிஷத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். வேகமும் மந்தம். "எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடலாமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அழித்துவிட்டால் கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்து போய்விடும்.

அறுபடுவது எந்த இடத்தில் என்று பார்க்காமலே வைத்தியத்தைத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. நெட் நின்றாலே வைஃபை போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1) இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்) பிங் ஓட விடுங்கள்; அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. ரவுட்டரிடமிருந்து பதில் வந்துகொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். இரண்டிலும் பதில் வந்தும் இணையதளம் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால்தான் வைஃபை மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பக்கத்தில் இருக்கும் போனில் நெட் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கெர்னல் லாகை, அதாவது லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் பதிவை, படிக்காமல் விடுவது. எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம், ஏனென்றால் லினக்ஸ் பல நேரம் காரணத்தை எழுதியே வைத்திருக்கும். இணைப்பு அறுந்த உடனே டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். 'பை லோக்கல் சாய்ஸ்' (by local choice) என்று இருந்தால் லேப்டாப்பே இணைப்பைத் துண்டித்திருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் 'டீஆதென்டிகேட்டட்' (deauthenticated) என்று மட்டும் வந்தால் துண்டித்தது ரவுட்டர். ஏபி-யுடன் (AP, அதாவது ரவுட்டருடன்) இணைப்பு 'லாஸ்ட்' (lost) என்று வந்தால் ரவுட்டரின் சிக்னல் லேப்டாப்பின் காதில் விழவில்லை. ஃபர்ம்வேர் (வைஃபை அட்டைக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் விஷயமே வேறு. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில், 12-ஆம் பதிப்புக்கு முந்தைய வழக்கமான நிறுவல் வட்டுகளில் சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. அதனால் பலர் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள், தேவைப்பட்டது ஃபர்ம்வேர் பொதி மட்டும்தான்.

அக்கா மகன் செய்திருந்தது மூன்றாவது தவறு. எங்கோ பார்த்த வரிகளை என்னவென்று தெரியாமல் ஒட்டியிருந்தான். டிரைவர்களுக்கான தேர்வுகளை எழுதிவைக்கும் மாட்ப்ரோப் (modprobe) அமைப்புக் கோப்புகளைப் பார்த்தபோது, இன்டெல் அட்டைகளுக்கான டிரைவருக்கு '11என் டிஸேபிள்' (11n_disable) என்ற தேர்வு 1 என்று கொடுக்கப்பட்டிருந்தது. வருஷக்கணக்காக இணையத்தில் சுற்றும் வைத்தியம் அது. 1 என்று போட்டால் வேகமான வைஃபைக்கான 802.11என் வசதி முழுதாக அணைந்துவிடும், வேகத்தின் உச்சமே வினாடிக்கு 54 மெகாபிட்தான். அதே தேர்வில் 8 என்று போட்டால் பொருள் வேறு: அனுப்பும் பாக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டும் வசதி இயங்கும். எண் ஒன்று மாறினால் விளைவு தலைகீழ். அவன் வேகம் மந்தமானதற்குக் காரணம் நோய் இல்லை, அந்த மருந்து. வரியை நீக்கிவிட்டு ரீபூட் செய்ததும் வேகம் திரும்பிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், எதை மாற்றினோம் என்று எழுதி வைக்கவும் வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

சரி, அறுபடுவது? அதற்குக் காரணம் மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை அட்டை அவ்வப்போது கண்ணயரும். சில அட்டைகளும் சில ரவுட்டர்களும் சேரும்போது அது சரியாக விழிப்பதில்லை. இதை அணைக்கப் போகும் இடத்திலும் இரண்டு தவறுகள் நடக்கும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரலில் வைஃபை பவர்சேவ் (wifi.powersave) மதிப்பு 0 என்றால் அணைந்துவிடும் என்று நினைக்கிறோம். இல்லை. 0 என்பது இயல்புநிலை, 1 என்றால் தலையிடாதே, 2 என்றால்தான் அணை, 3 என்றால் இயக்கு. உபுண்டுவில் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் கோப்பு ஒன்றில் 3 என்று எழுதியிருக்கும். நாம் 99 என்று தொடங்கும் பெயரில் புதுக் கோப்பு போட்டு 2 என்று எழுதினால் அது எடுபடாது. கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன, எண்கள் ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் வரும், கடைசியாகப் படிக்கப்படுவதே செல்லும். ஆகவே பெயரைச் சின்ன இஸட் (z) எழுத்தில் தொடங்குங்கள். நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்த பிறகு அவன் லேப்டாப்பில் அறுபடுவது நின்றது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

கெர்னலில் இல்லாத டிரைவரை வெளியிலிருந்து எடுத்துத் தொகுத்துப் போடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டில், தொகுக்கத் தேவைப்படும் ஹெடர் பொதி இல்லையென்றால் டிரைவர் உருவாகாது, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. காலையில் திறந்தால் வைஃபையே இருக்காது. அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை என்றால் லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், இரண்டே நிமிஷத்தில் விடை தெரியும்.

மென்பொருளை மட்டும் தோண்டிக்கொண்டு சுற்றுப்புறத்தை மறப்பதும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். அதைச் செருகும்போது மட்டும் வைஃபை திணறினால் அங்கே பாருங்கள். ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் அது சுவர் தாண்டுவதில் பலவீனம். சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அளவில் காட்டுவார்கள், எண் 0-க்கு நெருங்க நெருங்க வலு அதிகம். -67 டிபிஎம் வரை வீடியோ அழைப்புக்குப் போதும். -80 என்று காட்டினால் எந்த டிரைவரும் காப்பாற்றாது, ரவுட்டரைக் கிட்டே கொண்டுவர வேண்டியதுதான்.

இவ்வளவும் பார்த்து, அட்டையையே மாற்றலாம் என்ற முடிவுக்கு வந்தால், வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஏஎக்ஸ்211 அதற்கேற்ற இன்டெல் புராசஸர் உள்ள லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்210 என்று கேட்டு வாங்குங்கள்.