கடற்பாசிச் சாற்றை நோய் எதிர்ப்புச் செல்களில் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் கரையில் அள்ளிய கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியிலிருந்து ஃபியூகாய்டன் எனும் சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்து, எலியின் மேக்ரோஃபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்களில் இட்டுப் பார்க்கும் புதிய மாணவர்களிடம், முன்பு நான் செய்த பிழைகளையே மீண்டும் காண்கிறேன். எடை பார்ப்பதையும் லேபிள் ஒட்டுவதையும் அவர்களே கற்றுக்கொள்வார்கள். அவற்றை இங்கே சொல்லவில்லை.

எண்டோடாக்சினைச் சோதிக்காமல் முடிவு எழுதுதல்

என் ஆய்வில் 11 மாதங்களைப் பறித்த தவறு இது. இன்றும் நினைத்தால் மனம் கொதிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு உருவானதை நிறத்தால் காட்டும் கிரீஸ் (Griess) கரைசலை விட்டதும் 96 குழித் தட்டில் சாறு இட்ட குழிகள் எல்லாம் அடர்ந்த ரோஜா நிறமாயின. நைட்ரிக் ஆக்சைடு பெருகியிருந்தது. பாசி நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று ஓர் இயலையே எழுதி முடித்தேன். எண்டோடாக்சின் எனும் பாக்டீரியா நச்சின் அளவு என்ன என்று மதிப்பீட்டாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தூய நீரும் சுட்ட கண்ணாடிக் கலன்களும் கொண்டு புதிதாகச் சாறெடுத்துச் சோதித்தபோது, குழிகள் ஏறத்தாழ நிறமற்றே இருந்தன.

பாசியின் வழவழப்பான மேற்பரப்பில் வாழும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடே எண்டோடாக்சின்; அது வெந்நீரில் பாசியின் சர்க்கரைச் சங்கிலிகளோடு சேர்ந்தே வெளியேறுகிறது. ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே இந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலனின் 121 டிகிரி பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர இந்த நச்சை அழிக்காது. கண்ணாடிக் கலன்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும்.

சோதிப்பதிலும் பொறிகள் உண்டு. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யப்படும் பரிசோதனை, பழுப்புப் பாசியில் உள்ள லாமினரின் எனும் பீட்டா-குளுக்கன் சர்க்கரைச் சங்கிலியைக் கண்டும் எண்டோடாக்சின் இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே எண்டோடாக்சினை மட்டும் உணரும் புரதத்தை ஆய்வகத்தில் உருவாக்கிப் பயன்படுத்தும் மறுசேர்க்கைக் காரணி சி (recombinant factor C) முறையை நாடுங்கள். எண்டோடாக்சினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி என்ற மருந்து நேர்மின் ஏற்றமுடையது. சல்ஃபேட் நிறைந்த ஃபியூகாய்டன் அதைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி எண்டோடாக்சின் இல்லை என்று எழுத முடியாது. தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சாற்றில் கலந்து, அது மீண்டும் அளவில் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இனமும் கரையும் மாதமும் குறிக்காத மாதிரி

பயன்படுத்தாதீர்கள்.

தூண்டலையே நலம் எனக் கொள்ளுதல்

சிவப்புப் பாசியின் கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசி வழியே செலுத்தி வீக்கம் உண்டாக்கித்தான் 1962 முதல் அழற்சி எதிர்ப்பு மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். தூண்டப்பட்ட செல் உடலுக்கு நன்மைதான் செய்யும் என்று கொள்ள இடமில்லை.

தட்டிலிருந்து உணவுக்குத் தாவுதல்

தட்டில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஃபியூகாய்டன் நேராகச் செல்லைத் தொடுகிறது. உண்ணும்போதோ, அந்தப் பெரிய மூலக்கூறில் மிகச் சிறு பங்கே குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது.

அயோடின்

தைராய்டு நோயாளிக்கு அயோடின் மிகுந்த பழுப்புப் பாசித் தூளைப் பரிந்துரைக்காதீர்கள்.