கல்லூரி பேஸ்பால் கோச் ஆக வேண்டுமா? முதலில் ஃபங்கோ மட்டையைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் கோச் ஆவது எப்படி என்று கேட்பவர்கள் மனதில் ஒமாஹாதான் இருக்கிறது. 1950 முதல் கல்லூரி உலகத் தொடர் என்ற தேசிய இறுதிப் போட்டி நடக்கிற ஊர், ஜூன் மாதம், எட்டு அணிகள், நிரம்பி வழியும் அரங்கம். ஆசை சரிதான், ஆனால் அங்கே போய் ஜெயித்தவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று பாருங்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு 2014, 2019 என இரண்டு பட்டம் வாங்கித் தந்த டிம் கார்பின் முதலில் தலைமைக் கோச்சாக இருந்தது பிரஸ்பிடீரியன் என்ற சின்னக் கல்லூரியில். எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியோடு 2023, 2025 இரண்டு முறையும் ஜெயித்த ஜே ஜான்சன், பாயிண்ட் லோமா நாசரீன் என்ற இன்னொரு சிறு கல்லூரியில் ஆடி, அங்கேயே கோச் ஆனவர்.

தொழில்முறை ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். டோனி விட்டெல்லோ கல்லூரியோடு ஆட்டத்தை நிறுத்தியவர். பல வருடம் உதவிக் கோச்சாக உழைத்து, 2024இல் டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்து, 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்கே மேலாளர் ஆகிவிட்டார். ஆனால் கல்லூரி அளவிலாவது ஆடியிருந்தால் உள்ளே நுழைவது ரொம்பவே எளிது.

கதவு எங்கே திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். இரண்டு வருட ஜூனியர் கல்லூரி, கல்லூரி அணிகளின் மூன்று நிலைகளில் கடைசியான மூன்றாம் டிவிஷன், எதுவானாலும் சரி. முதுகலை படித்துக்கொண்டே உதவிக் கோச்சாக இருக்கும் வேலை நல்ல வழி, பல இடங்களில் படிப்புக் கட்டணத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். உச்ச நிலையான முதல் டிவிஷனிலேயே 2023 ஜூலை வரை அணிக்கு ஒரு உதவிக் கோச் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார், விதியே அப்படி இருந்தது. இப்போது அவருக்கும் சம்பளம் கொடுக்கலாம். ஆனாலும் சின்ன இடங்களில் ஆரம்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது, கோடைக்காலப் பயிற்சி முகாம், தனிப் பயிற்சி என்று சேர்த்துத்தான் பலர் சமாளிக்கிறார்கள்.

அப்புறம், ஃபங்கோ. மெலிந்து நீண்ட, எடை குறைந்த மட்டை அது, பயிற்சியில் பந்தை அடித்துக் கொடுப்பதற்கென்றே இருக்கிறது. ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளி, அவன் பாய்ந்தால் மட்டும் கிடைக்கிற மாதிரி உருட்டி அடிக்க வேண்டும், அதையே நூறு முறை. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின் கடைசியில், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு நேர் செங்குத்தாக ஒரு பந்தைத் தூக்கி அடிப்பார்கள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அது பிசகாமல் வருகிற ஆளை எந்தத் தலைமைக் கோச்சும் மறக்க மாட்டார். யாரும் இல்லாத மைதானத்தில் ஒரு கூடை பந்தோடு தனியாகப் பழகுங்கள். பந்து வீசும் மேட்டு மண்ணைத் தட்டிச் சரிசெய்வது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது, இதெல்லாம் ஆரம்பத்தில் உங்கள் தலையில்தான் விழும், முகம் சுளிக்காதீர்கள்.

கூடவே ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவராகுங்கள். என் கணிப்பில் பிட்சிங், அதாவது பந்து வீச்சுதான் நல்ல பிடிமானம். பந்தின் சுழற்சியை அளக்கும் ராப்சோடோ, டிராக்மேன் கருவிகள் சொல்வதைப் பையனுக்குப் புரிகிற ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் மேலே ஏற்றிவிடுவது ஆள் பிடிப்பதுதான், அதாவது நல்ல பள்ளிப் பையன்களைக் கண்டுபிடித்து அணிக்குக் கொண்டுவருவதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடை முழுக்க பள்ளிப் பையன்களின் போட்டிகளில், வலைக்குப் பின்னால், வேகமானியும் ஸ்டாப்வாட்ச்சும் கையில் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். கேட்சர் பந்தை வாங்கியதிலிருந்து அது இரண்டாம் தளத்தைச் சேர இரண்டு விநாடிதான் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். எண் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்று முறை அவுட் ஆன பையன் அணியினர் உட்காரும் டக்அவுட்டுக்கு எப்படித் திரும்பி வருகிறான், அப்பா அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், இதைக் கவனிக்கிறவர்தான் நல்ல அணி கட்டுகிறார்.

பணக் கணக்கும் தெரிய வேண்டும். முதல் டிவிஷனில் வெகுகாலம் ஓர் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைதான், அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், நீதிமன்ற வழக்கின் வழியாக வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை, பதிலாக அணியில் 34 பேர்தான் இருக்கலாம். அதனால் பணமுள்ள கல்லூரிக்கும் இல்லாத கல்லூரிக்கும் இடைவெளி கூடுகிறது. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக உங்கள் நல்ல ஆட்டக்காரனை வேறொருவர் கூட்டிக்கொண்டு போகலாம், வலிக்கத்தான் செய்யும்.

வேலை மாறும் காலம் மே கடைசி முதல் ஜூலை வரை. தலைமைக் கோச் போனால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூடவே போக வேண்டியதுதான், அதனால் வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜனவரியில் நடக்கும் அமெரிக்க பேஸ்பால் கோச்சுகள் சங்கத்தின் மாநாட்டுக்கு, கடன் வாங்கியாவது ஒருமுறை போய் வாருங்கள். உரைகளைக் கேட்பதோடு நிற்காமல், நடைபாதையில் நின்று பேசுகிற உதவிக் கோச்சுகளிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ஜூனில் அவர்களில் ஒருவர் தலைமைக் கோச் ஆகும்போது முதலில் கூப்பிடுவது தனக்குத் தெரிந்த ஆட்களைத்தான்.