பழைய முப்பது-முப்பதில் ஈயக் குண்டு சுட்டுப் பார்ப்பது எப்படி

என்னிடம் இருப்பது வின்செஸ்டர் 94 என்ற லீவர் ரைபிள்; சுடுவது .30-30, அதாவது முப்பது-முப்பது தோட்டா. பென்சில்வேனியாவில் மான் வேட்டையை விட்டுவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வாங்கியது. கடைத் தோட்டா 170 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டை வினாடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் தள்ளும். தோளும் வலிக்கும், காசும் கரையும். நானே வார்த்த ஈயக் குண்டு 400 மீட்டர் வேகத்தில் போனாலே காகித இலக்குக்குத் தாராளம்.

முதலில் குழலில் கடைக் குண்டுகளால் படிந்திருக்கும் பழைய செம்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அப்புறம் குழலின் உள்ளளவு. மிருதுவான ஈயத் துண்டு ஒன்றில் எண்ணெய் தடவி, குழலுக்குள் தட்டித் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஏட்டுக் கணக்கு 0.308 அங்குலம், என்னுடையது 0.3085. நான் போடும் குண்டு 0.310. குண்டு மெலிந்திருந்தால் ஓரமாக வாயு பீறிட்டு ஈயத்தைக் குழலெங்கும் அப்பிவிடும். குண்டின் மூக்கு தட்டையாகவே இருக்கட்டும். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரில் (தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் மூடியில்) முட்டிக்கொண்டுதான் நிற்கும்.

மருந்தின், அதாவது பவுடரின், அளவை நான் சொல்லமாட்டேன். உங்கள் குண்டுக்கும் பவுடருக்கும் அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவை அப்படியே எடுங்கள். வேட்டைத் தோட்டாவுக்கான மெதுவாக எரியும் பவுடரைப் பாதியாகக் குறைத்துப் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். வேகமாக எரியும் பவுடரில் வேறொரு ஆபத்து: கூட்டின் (தோட்டாவின் பித்தளை உறையின்) அடியில் கொஞ்சம்தான் இருக்கும், தவறி இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது. அதனால் குண்டு செருகுமுன் 50 கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறேன். இது சலிப்பான வேலைதான்.

சுடும் களத்தில் 25 கஜத்தில் தொடங்குங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து, சுடுமுன் முனையைச் சற்றுத் தூக்கி ஐந்து, தாழ்த்தி ஐந்து என்று சுட்டுப் பாருங்கள். தூக்கினால் பவுடர் பிரைமர் பக்கம் சரியும், வேகம் கூடும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தப் பவுடர் உங்கள் கூட்டுக்கு ஒத்துவரவில்லை.

எனக்கு ஒருமுறை ஒன்பதாவது தோட்டா 'புஸ்' என்றது. உதை இல்லை, காகிதத்தில் ஓட்டையும் இல்லை. பழக்கதோஷத்தில் லீவரை இழுக்கப் போனேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முனை இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் காத்திருந்து, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, லீவரைத் திறந்து வைத்துவிட்டு முனைவழியாகக் குழல் துடைக்கும் கம்பியை விட்டோம். பாதியில் நின்றது. குண்டு உள்ளேயே இருந்தது! அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும். இப்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கம்பிதான்.

பத்துக்கு ஒருமுறை வெள்ளைத் துணியைக் குழலில் தள்ளிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுக்கும் கீற்று வந்தால் ஈயம் ஒட்டுகிறது. காகித ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் குண்டு புரண்டுகொண்டே போகிறது. பெரும்பாலும் மெலிந்த குண்டுதான் காரணம். இரண்டும் இல்லையென்றால் 50 கஜத்துக்குப் போகலாம். அங்கே என் குண்டுகள் ஒரு சாண் கீழே விழுந்தன. பின் குறியை இரண்டு படி ஏற்றினேன்.