தோட்டப் பாதை: கல்லுக்கு அடியில் நடக்கும் தவறுகள்

தோட்டத்தில் பாதை போடலாம் என்றதும் கல்லின் நிறத்தையும் டிசைனையும் பார்க்கத்தான் மனசு ஓடும். ஆனால் ஓரிரு மழைக்காலத்திலேயே பாதை குண்டும் குழியுமாகிவிட்டால், பெரும்பாலும் கோளாறு அடித்தளத்தில்தான் இருக்கும்.

பலரும் செய்வது இது: புல்லைச் செதுக்கிவிட்டு, கொஞ்சம் மணலைப் பரப்பி, நேராகக் கல்லைப் பதித்துவிடுவார்கள். மேல்மண்ணில் வேரும் சருகும் கலந்திருக்கும். அவை மக்க மக்க மண் அமுங்கும், கூடவே கல்லும் இறங்கும். ஆகவே மேல்மண்ணை முழுசாக வழித்தெடுத்துவிட வேண்டும். ஆள் நடக்க மட்டும் என்றாலும் 15 முதல் 20 செ.மீ. தோண்டுங்கள். அதில் 10 செ.மீ. தூளோடு கலந்த ஜல்லி, மேலே 2.5 முதல் 3 செ.மீ. மணல், பிறகுதான் கல். ஜல்லியை மொத்தமாகக் கொட்டி மேலாக இடித்தால் அடிப்பகுதி பொலபொலவென்றே கிடக்கும். 5 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இடிக்கணும். பள்ளமான இடத்தில் மணலைக் கூடுதலாகப் போட்டு மட்டம் சரிக்கட்டுவதும் வேண்டாம். மணல் கனமாக இருக்கும் இடத்தில்தான் கல் முதலில் ஆட்டம் காணும்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு. துளி சரிவும் இல்லாமல் ரசமட்டம் பார்த்துப் போட்ட பாதையில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். 1 மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு போதும். பாதை சுவரை ஒட்டிப் போகிறதா? சரிவு சுவரைவிட்டு வெளிப்பக்கம் இருக்கட்டும்; இல்லையென்றால் மழைத்தண்ணீரெல்லாம் அஸ்திவாரத்துக்குப் போய்ச் சேரும். பளபளப்பான டைல்ஸ் நனைந்தால் வழுக்கும்; வெளியில் போடவே போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஓரக்கல்லை வீண்செலவு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேவர் பிளாக் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கிறது; ஓரம் நெகிழ்ந்தால் வரிசையே பிரியும். பரப்பிவிடும் கல் என்றால் உருண்டைக் கூழாங்கல்லைவிட முனையுள்ள உடைகல் மேல். கூழாங்கல் காலடியில் உருளும், தள்ளுவண்டிச் சக்கரம் அதில் புதையும்.

அகலம் ஒருவர் நடக்க 90 செ.மீ., இருவர் சேர்ந்து நடக்க 120 செ.மீ.க்குக் குறையாமல். இரண்டு பக்கமும் செடி வைப்பதாக இருந்தால் அது வளர்ந்து சாயும் இடத்தையும் கணக்கில் சேருங்கள். தனித்தனிக் கல்லாகப் பதிப்பவர்கள் ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்குச் சுமார் 60 செ.மீ. விடலாம். பதிக்கும் முன் சும்மா வைத்து, வீட்டில் உள்ள எல்லோரையும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். குழந்தை எடுத்துவைக்கும் எட்டு வேறு, பெரியவர்களின் எட்டு வேறு.

களை வராமலிருக்க பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது தண்ணீரைத்தான் தடுக்கும். களைவிதை பெரும்பாலும் காற்றோடு வந்து, கல் இடுக்கில் சேரும் தூசியில் முளைக்கிறது. தண்ணீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை ஜல்லிக்கு அடியில் போட்டால், ஜல்லி மண்ணுக்குள் புதையாமலாவது இருக்கும். களைக்கு இடுக்கில் மணல் குறையாமல் பார்த்துக்கொள்வதும், அவ்வப்போது கூட்டிவிடுவதும்தான் வழி.