பழைய வண்டி அதிர்கிறதா? எதையும் மாற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

பழைய வண்டி ஓடும்போது அதிர்ந்தால் முதலில் வீல் பேலன்சிங் செய்வார்கள். நிற்கவில்லை என்றால் டயரை மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிராஸ் ஜாயின்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீண்ட ஷாஃப்டின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) முனைகளில் உள்ள மடங்கும் இணைப்பு. இப்படி ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றினால் பணம்தான் கரையும். அதிர்வு எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று கவனித்தாலே, வண்டிக்கு அடியில் போகும் முன் பாதி விடை கிடைத்துவிடும். கீழே உள்ளது என்ஜின் முன்னாலும் இழுவை பின்சக்கரத்திலும் இருக்கும், கியர் போட்டு ஓட்டும் வண்டிகளுக்கானது.

படி 1: சக்கரங்களை ஒரு சுற்று பாருங்கள்

எல்லா வீல் நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா? காற்று சரியா? ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? டயர் எங்காவது புடைத்திருக்கிறதா? புடைப்பு இருந்தால் அந்த டயரில் ஓட்டவே வேண்டாம். பல வாரம் நின்ற வண்டி என்றால் டயர் தரையைத் தொட்ட இடம் தட்டையாகியிருக்கலாம். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் அதிர்வு குறைந்தால் காரணம் அதுவே.

படி 2: ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆளில்லாத, நேரான, சமதளமான சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் நல்லது. அதிர்வு வரும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலில், அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். என்ஜின் சுற்று கூடும், சாலை வேகம் மாறாது. அதிர்வும் மாறாமல் இருந்தால் குறை கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள பாகங்களில் இருக்கிறது. என்ஜின் சுற்றோடு சேர்ந்து மாறினால் என்ஜின் மவுண்ட், கிளட்ச் பக்கம் பாருங்கள்.

அடுத்து நியூட்ரலில் உருள விடுங்கள். அப்போது சாவியை அணைக்கவே கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லாகிவிடும். நியூட்ரலிலும் அதிர்வு அப்படியே தொடர்ந்தால், சக்கரமோ ஷாஃப்டோ பேலன்ஸ் இழந்திருக்கிறது.

மூன்றாவது, ஆக்சிலரேட்டரை அழுத்தி, பிறகு விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி என்றால் பெரும்பாலும் டயர் காரணமில்லை. கிராஸ் ஜாயின்ட், ஷாஃப்டின் கோணம், டிஃபரன்ஷியலின் (பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பினியன் பேரிங் (ஷாஃப்டின் சுழற்சியை அங்கே வாங்கும் சிறு பல்சக்கரத்தைத் தாங்குவது), இம்மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வண்டி கிளம்பும்போது மட்டும் உதறினால், இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள்.

படி 3: உதறலா, ரீங்காரமா?

என்னைக் கேட்டால் மிகப் பயனுள்ள படி இதுதான். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 40 முறை சுற்றும். அதனால் சக்கரக் கோளாறு தனித்தனியாக உணர முடிகிற உதறலாக வரும். ஷாஃப்ட் கோளாறு தரையிலும் சீட்டிலும் ரீங்காரமாக ஏறும், கண்ணாடியில் தெரியும் உருவம் மங்கும். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் முன்சக்கரம்.

பின்சக்கரத்தின் உதறல் என்று தோன்றினால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். உதறலும் இடம் மாறினால் குறை சக்கரத்தில்தான்.

படி 4: வண்டிக்கு அடியில்

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். உறுதியான தரையில், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். பின்சக்கரம் தூக்கியிருக்கும்போது ஹேண்ட்பிரேக் வண்டியைப் பிடிக்காது.

கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் யோக்கையும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற பாகம்) மறு கையால் ஷாஃப்டையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருகுங்கள். ஷாஃப்டும் யோக்கும் சேர்ந்தே கொஞ்சம் திரும்பினால் அது டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளி. ஓரளவு இருப்பது இயல்பே. இரண்டுக்கும் நடுவில் ஆட்டம் தெரிந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கிண்ணங்களைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் அரைபடுகின்றன. ஆட்டமே இல்லாததாலும் ஜாயின்ட் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. இறுகிப்போன கிராஸிலும் ஆட்டம் இருக்காது. ஷாஃப்டைக் கழற்றி மடக்கினால்தான் அதன் விறைப்பு கைக்குத் தெரியும்.

கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது போல்ட்டில் பொருந்தும் தட்டான ஃபிளேஞ்சிலும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பற்களில் நழுவி நீளம் மாறும் ஸ்லைடிங் பகுதியிலும் போடுங்கள். இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டிய ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும், புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிரும்.

ஷாஃப்ட் குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பேலன்ஸ் எடைத்தகடு விழுந்து சின்னச் சதுரத் தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஸ்பிரிங் பட்டை மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தால் கோணத்தை அளக்க வேண்டும். சாதாரண ஒற்றை ஷாஃப்டில் இரு ஜாயின்டுகளின் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

படி 5: ஹோஸ் கிளிப் சோதனை

ஜாயின்டுகள் நன்றாக இருந்தும் ரீங்காரம் போகவில்லையா? ஷாஃப்டின் பின்முனை அருகே சுற்றிலும் நான்கு இடங்களில் 1 முதல் 4 வரை எழுதுங்கள். ஒரு ஹோஸ் கிளிப்பை (ரப்பர் குழாயை இறுக்கும் திருகு வளையம்) மாட்டி, அதன் திருகுத் தலையின் எடை 1-இல் வரும்படி இறுக்குங்கள். பாடியில் உரசாமல் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு 2, 3, 4. ஓரிடத்தில் அதிர்வு தெளிவாகக் குறைந்தால் ஷாஃப்டுக்கு பேலன்சிங் தேவை என்பது உறுதி. கழற்றி, பேலன்ஸ் மெஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். நான்கிலும் மாற்றமே இல்லாமல், ஆக்சிலரேட்டரை விடும்போது ஊளைச் சத்தமும் சேர்ந்தால் பினியன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இறுக்க அளவும் துல்லியமாக அமைய வேண்டும், அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.