எம்35ஏ2 இராணுவ டிரக்கைச் சீரமைத்துப் பராமரிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

பழைய இராணுவ டிரக் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே சீரமைக்க விரும்புவோருக்கு அமெரிக்க இராணுவத்தின் எம்35ஏ2 மிகவும் ஏற்ற வண்டி என்பது என் உறுதியான கருத்து. 1950களின் தொடக்கத்தில் ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பில் பணிக்கு வந்து, பின்னர் கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் ஆகிய நிறுவனங்களாலும் தயாரிக்கப்பட்ட இந்த இரண்டரை டன் டிரக் வரிசை, வியட்நாம் போரைக் கடந்தும் பல பத்தாண்டுகள் படையில் உழைத்தது. மூன்று அச்சுகளுக்கும் இழுவை உண்டு, பத்துச் சக்கரங்கள், வெற்று எடை ஏறத்தாழ 6 டன். மின்னணுப் பாகம் என்று சொல்லத்தக்க எதுவும் இதில் கிடையாது. ஆகவே எந்தப் பழுதையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் முதலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவும், அடுத்துப் பெயின்ட் அடிக்கவும் ஆசைப்படுகிறார்கள். ஆறு டன் வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அது நிற்கவும் வேண்டும் என்பதால், பிரேக் வேலை முடியும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை.

முதல் படி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்த டிரக்குகள் பெரும்பாலும் அமெரிக்க அரசின் உபரிப்பொருள் ஏலங்கள் வழியாகவே தனியார் கைக்கு வந்தன. அவ்வாறு விற்கப்பட்ட வண்டிக்கு எஸ்எஃப்-97 என்னும் சான்றிதழ் வழங்கப்படும்; பதிவு செய்ய அதுவே அடிப்படை ஆவணம் என்பதால், அதுவோ அதை வைத்துப் பெற்ற உரிமைப் பத்திரமோ இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். சேஸிஸ் சட்டத்தில் மேல்துரு இருந்தால் கவலையில்லை. இரும்பு அடுக்கடுக்காக உரிந்து வந்தால் விலகிவிடுங்கள். கேபினின் தரை, கீழ்மூலைகள், பேட்டரிப் பெட்டி ஆகிய மூன்றும் முதலில் அரித்துப்போகும் இடங்கள். எஞ்சின் ஆயிலின் அளவுக்கோலை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் குளிர்விப்பு நீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். டாஷ்போர்டில் இருக்கும் உலோகத் தகடுகளையும் ஊன்றிப் படியுங்கள். ஒவ்வொரு கியரிலும் செல்லத்தக்க உச்ச வேகம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். இராணுவப் பணிமனையில் மறுசீரமைக்கப்பட்ட வண்டியாக இருந்தால் அதற்கான தனித் தகடும் இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: கையேடுகளைச் சேகரித்தல்

இராணுவமே வெளியிட்ட டிஎம் 9-2320-361 என்னும் கையேட்டு வரிசை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எண்ணின் இறுதியில் 10 என்று முடிவது ஓட்டுநருக்கானது; 20 என்று முடிவது படைப்பிரிவு மெக்கானிக்குக்கானது; அதனுடன் ‘பி’ என்னும் எழுத்து சேர்ந்தால் உதிரிபாகப் பட்டியல். இயந்திரங்களோடு முன்பழக்கம் இல்லாத இளைஞர்களுக்குக் கற்பிப்பதற்காக வரையப்பட்ட படங்கள் இவற்றில் நிறைந்திருப்பதால், புதியவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஆசான் கிடைப்பது அரிது. முறுக்குவிசை அளவுகளை எல்லாம் நினைவிலிருந்தோ பிறர் வாய்மொழியிலிருந்தோ எடுக்காமல், கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்துதல்

இந்த டிரக்கின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடித்து, அதன் வழியாகப் பின்பக்க இழுவைத் தண்டைத்தான் நிறுத்துகிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் அந்தச் சக்கரத்தைக் காற்றில் சுழல விடும். அந்த அச்சில் கைபிரேக்கின் பிடி போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடித்த கட்டைகளைக் கொடுத்த பிறகே தூக்குங்கள். எடையைத் தாங்க உரிய திறனுள்ள இரும்புத் தாங்கிகளைப் பயன்படுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது.

நான்காம் படி: பிரேக்

இந்தப் படிக்கு எத்தனை வாரங்கள் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் திரவம் ஏர்பேக் (air pack) என்னும் உறுப்புக்குப் போகிறது. அங்கே அழுத்தக்காற்று ஒரு பிஸ்டனைத் தள்ளி, அந்தத் திரவத்தின் அழுத்தத்தைப் பன்மடங்காக்கி ஆறு வீல் சிலிண்டர்களுக்கும் அனுப்புகிறது. காற்று இல்லாமல் போனால் மிதி கல்லைப்போல் இறுகினாலும் ஓரளவு பிரேக் பிடிக்கும். ஆனால் திரவக் குழாய்கள் அனைத்தும் ஒரே சுற்றில் இணைந்தவை. ஆறில் ஏதேனும் ஒரு வீல் சிலிண்டரோ, ஒரு ரப்பர் குழாயோ பிய்ந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். பல பத்தாண்டுப் பழைய ரப்பர் குழாய்களை நல்லது கெட்டது பார்க்காமல் அத்தனையையும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சக்கரங்களைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் பெரும்பாலும் இடதுமரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்பவை; ஸ்டட்டின் முனையில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்து குத்தப்பட்டிருக்கும். வழக்கமான திசையில் நீண்ட குழாயைப் போட்டுத் தெம்பினால் நட்டு மேலும் இறுகி, ஸ்டட் உடைந்துவிடும். பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் உட்சக்கரத்தை ஒரு வகை நட்டும், அதன்மேல் திருகப்படும் இன்னொரு நட்டு வெளிச்சக்கரத்தையும் பிடித்திருக்கும். ஆகவே உட்சக்கர நட்டை இறுக்க வேண்டுமானால் வெளிநட்டைத் தளர்த்தியாக வேண்டும்.

சக்கரம் வந்த பிறகு, பின்னச்சில் அச்சுத்தண்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை வெளியே இழுங்கள். கொஞ்சம் கியர் ஆயில் ஒழுகும், கீழே தட்டு வையுங்கள். உள்ளே வெளிப்பூட்டு நட்டு, பூட்டு வாஷர், பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யும் நட்டு என்று மூன்றும் அடுத்தடுத்து வரும். இவற்றுக்குரிய பெரிய சாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உளியும் சுத்தியலும் கொண்டு அடித்த தழும்புகள் பல வண்டிகளில் இருக்கும், அந்த வழியில் நீங்களும் போக வேண்டாம். ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வரும். அந்த எடைக்கு இன்னொருவர் துணை அவசியம்.

டிரம் வெளியே வந்ததும் ஒன்றையும் துடைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிரேக் லைனிங்கின் மேல் கருத்த, பிசுபிசுப்பான படலம் இருந்து கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால் ஹப்பின் ஆயில் சீல் போய்விட்டது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கும்போது சொட்டுத் திரவம் வந்தால் சிலிண்டர் கசிகிறது. மூடிக்குள் பழுப்புத் தூள் மட்டும் இருந்தால் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும். மூன்றில் எது இருந்தாலும் வீல் சிலிண்டரையும் சீலையும் புதிதாகவே போட்டுவிடுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பூட்டுவது சிலர் செய்யும் ஆபத்தான சிக்கனம். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அப்புறப்படுத்துங்கள்.

திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க இராணுவம் 1980களில் சிலிக்கான் வகையான டாட் 5 திரவத்துக்கு மாறியது. அது பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. வழக்கமான டாட் 3 திரவத்தோடு அதைக் கலக்கக் கூடாது. முன்னாள் உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால், குழாய்களை முழுவதும் வடித்துச் சுத்தம் செய்து ஒரே வகையால் நிரப்புங்கள். பிறகு ஏர்பேக்கிலும் ஒவ்வொரு சக்கரத்திலும் கையேட்டு வரிசைப்படி ஏர் எடுத்து (திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றி), மிதி உறுதியாக நிற்கும்வரை தொடருங்கள்.

ஐந்தாம் படி: டயரும் ரிம்மும்

பூட்டுவளையம் கொண்ட பழைய ரிம்களில் காற்று நிரப்பும்போது வளையம் தெறித்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்த ஒரு வேலையை வீட்டில் செய்யாமல், இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எரிபொருளும் முதல் ஓட்டமும்

இதன் எஞ்சின் பெரும்பாலும் எல்டிடி-465: ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ உண்டு. டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எனப் பலவற்றிலும் ஓடும்படி, ஜெர்மனியின் மான் நிறுவனத்து எரிப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. (நம் இந்திய இராணுவத்துக்காக ஜபல்பூரில் தயாரான சக்திமான் டிரக்கும் அதே மான் நிறுவனத்தின் உரிமத்தில் பிறந்ததுதான்.) எதிலும் ஓடும் என்பதற்காகப் பழைய எண்ணெய்களை ஊற்றாதீர்கள், இன்ஜெக்ஷன் பம்பில் மிக நுண்ணிய இடைவெளியில் இயங்கும் தலைப்பகுதி, தேங்கிக் கெட்ட எரிபொருளின் பிசினில் ஒட்டிக்கொண்டால் செலவு மிகப் பெரிது. டாங்கியை வடித்து, மூன்று எரிபொருள் ஃபில்டர்களையும் மாற்றி, சுத்தமான டீசலை நிரப்புங்கள்.

மின்சாரம் 24 வோல்ட்; இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். கழற்றும்போது பூமி இணைப்பை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொடுங்கள்.

ஆயிலையும் இரண்டு ஆயில் ஃபில்டர்களையும் மாற்றிய பின், எஞ்சினை நிறுத்தும் கம்பியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, ஆயில் அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். இதனால் காய்ந்துகிடக்கும் டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும். காற்று உறிஞ்சும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையுடன் நண்பர் ஒருவர் அருகில் நிற்கட்டும். எஞ்சின் கட்டுமீறி ஓடினால் காற்றை அடைத்துத்தான் நிறுத்த முடியும். பிறகு கம்பியை உள்ளே தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றழுத்தம் குறைவு என்று எச்சரிக்கும் ஒலி அடங்கி, அழுத்தம் முழுமையாக ஏறும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். நிறுத்துவதற்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவோட்டத்தில் விடுங்கள்; டர்போ சூட்டோடு நின்றால் அதன் ஆயுள் குறையும்.

ஏழாம் படி: கிரீஸும் கியர் ஆயிலும்

மூன்று அச்சுகள், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஐந்திலும் ஆயிலை வடித்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, காற்றுத்துளை அடைபட்டுள்ளதா என்று சோதியுங்கள். முன்னச்சின் திருப்புமுட்டிகளைச் சுற்றியுள்ள ரப்பர் உறைகள் கிழிந்திருப்பது இந்த வண்டியில் மிகச் சாதாரணம். கிழிசல் வழியாக மணலும் நீரும் கிரீஸில் கலந்து மூட்டைத் தின்றுவிடும். அச்சைப் பிரிக்காமலே மாட்டத்தக்க, ஜிப் வைத்த மாற்று உறைகள் கிடைக்கின்றன.

எட்டாம் படி: துருவும் பெயின்ட்டும்

1980களிலிருந்து இராணுவம் பயன்படுத்திய வேதிப்பொருள் எதிர்ப்புப் பூச்சில் ஐசோசயனேட்டுகள் உண்டு. அதற்கும் முந்தைய அடுக்குகளில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். ஆகையால் உலர்தேய்ப்பு வேண்டாம். ஈரமாக்கித் தேயுங்கள், தகுந்த சுவாசக் கவசம் அணியுங்கள். அந்தப் பூச்சையே மீண்டும் அடிக்க ஆசைப்படாமல், அதே நிறத்தில் கிடைக்கும் சாதாரண எனாமலைத் தேர்ந்தெடுங்கள். வியட்நாம் காலத் தோற்றம் வேண்டுவோருக்கு ஆலிவ் பச்சை, 1980களின் தோற்றம் வேண்டுவோருக்குப் பச்சை, பழுப்பு, கறுப்பு மூவண்ணம். உங்கள் வண்டி எந்த ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே வைப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

தொடர் பராமரிப்பு

மாதம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச்சூடு அடையும்வரை சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் சில நிமிடம் ஓடவிடுவது ஆயிலில் ஈரத்தைச் சேர்க்குமே தவிர நன்மை தராது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. காற்றுத் தொட்டிகளின் வடிகுழாயைத் திறந்து, தேங்கிய நீர் முழுவதும் வெளியேறியதும் மூடுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் கேபின் தரையிலுள்ள சிறு மூடியைத் திறந்து பிரேக் திரவத்தின் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாமல், கசிவு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.