தாழ்த்திய காரில் ஷாக் மாற்றினால் உயரம் மாறுமா? அளந்து பார்த்து மாற்றும் முறை

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு. தாழ்த்திய கார் (தரைக்கு நெருக்கமாக நிற்கும்படி உயரம் குறைத்தது) வைத்திருப்பவருக்கு எந்தத் தடை எங்கே இருக்கிறது என்பது மனப்பாடம். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்துக்கு மெல்ல வளைந்து ஏறி இறங்க வேண்டும். ஊருக்குள் திடீரென்று முளைக்கிற சிமெண்ட் வரப்புகள் அந்தக் கணக்கில் வராது. அங்கே வண்டி அரை செ.மீ. இறங்கினாலும் அடிவயிறு உரசும்.

அதனால் ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாற்றப் போகும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வண்டி உயருமா, இறங்குமா? எனக்குப் பதில் சொன்னவர் பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். "ஷாக்கு வண்டியத் தூக்காது தம்பி. தூக்குறது ஸ்பிரிங்கு. அது குதிக்காமப் புடிச்சு நிறுத்துறதுதான் ஷாக்கு."

அடிப்படை அதுதான். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் நீளமும் விறைப்பும், அது உட்காரும் தட்டின் இடமும் சேர்ந்துதான் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. இருந்தாலும் ஷாக் மாற்றியபின் உயரம் மாறிய வண்டிகள் உண்டு, என்னுடையதும் அதில் ஒன்று. 40 மி.மீ. தாழ்த்திய பழைய ஸ்விஃப்ட் அது. காரணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அளவு கையில் இருக்க வேண்டும்.

முதல் வேலை: டேப்பை எடுங்கள்

பழைய ஷாக்கைக் கழற்றும் முன்பே அளந்துவிட வேண்டும். வீட்டு முற்றத்தில் அளக்காதீர்கள், தண்ணீர் ஓடுவதற்காக அது சரிவாகத்தான் இருக்கும். கல்யாண மண்டப வாகன நிறுத்தம் போலச் சமமான தரை தேவை. டயரில் சரியான காற்று, பாதி டேங்க் எரிபொருள், உள்ளே ஆள் இல்லை. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும்.

புது ஷாக்கைத் தரையில் வைத்து அமுக்கிப் பாருங்கள்

பெட்டியைப் பிரித்ததும் ஷாக்கை நிமிர்த்தி வைத்து, தண்டை உள்ளே அமுக்கிக் கையை எடுங்கள். வெறும் ஆயில் ஷாக் என்றால் தண்டு விட்ட இடத்திலேயே நிற்கும். ஆயிலோடு அழுத்தமான வாயுவும் அடைத்த கேஸ் ஷாக் என்றால் தானாக மெல்ல மேலே ஏறி வரும். பட்டி கட்டி அனுப்புவது இதனால்தான். அந்தத் தள்ளுவிசை காரையும் கொஞ்சம் தூக்கும்.

எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஒற்றைக் குழாய் ஷாக்கில் தண்டு 14 மி.மீ. தடிமன், கேஸ் அழுத்தம் 20 பார் என்று வையுங்கள். தண்டின் பரப்பு 1.54 சதுர செ.மீ., தள்ளுவிசை சுமார் 31 கிலோ. ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 3 கிலோ வேண்டுமென்றால், காரின் அந்த மூலை 10 மி.மீ. உயரும். இரட்டைக் குழாய் ஷாக்கில் அழுத்தம் மிகக் குறைவு. 20 மி.மீ. தண்டு, 5 பார் என்றால் சுமார் 16 கிலோ, அதாவது 5 மி.மீ. ஷாக் சாய்வாகப் பொருந்தியிருந்தால் இன்னும் குறையும். பழைய ஷாக்கில் கேஸ் போயிருந்தால், புதியது போட்டதும் இழந்த இந்தச் சில மில்லிமீட்டர் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தட்டு இருக்கும் இடம்

ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. ஸ்பிரிங் உட்காரும் தட்டு ஸ்ட்ரட் உடம்பிலேயே பற்றவைத்திருக்கும். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆகவே பின்னால் ஷாக் மாற்றினால் கேஸ் கணக்கு தவிர உயரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. முன்னால் தட்டு 8 மி.மீ. மேலே இருந்தால் வண்டியும் ஏறக்குறைய அவ்வளவு உயரும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்கவைத்து, கீழ் போல்ட் ஓட்டையிலிருந்து தட்டு வரை அளந்து பாருங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று ஸ்ட்ரட் வேறுபடலாம். கடையில் "எல்லாத்துக்கும் சேரும்" என்று சொன்னாலும் டேப் வைத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கழற்றுவது

முன்பக்கம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கைபிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நுழைக்கக் கூடாது.

பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விடுவியுங்கள், ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் சிறு கம்பியான லிங்க் ராடைக் கழற்றுங்கள். கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டின் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மேலே பானெட்டுக்குள் தெரியும் மவுண்ட் நட்டுகளைக் கடைசியில் எடுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒற்றை நட்டுதான்.

ஸ்பிரிங்கைப் பிரித்து மாட்டுவதை, முதல் முறை செய்பவர்கள் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்ப்ரஸர் இல்லாமல் செய்தால் பல்லும் தாடையும் போகும். கூட நின்று இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று தட்டில் உள்ள பள்ளத்தில் முட்டி உட்கார வேண்டும், இல்லையென்றால் உயரமும் கெடும், திருப்பும்போது 'டங்' என்று சத்தமும் வரும். பளபளவென்று இருக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சில மாதத்தில் சீல் போய், கசிந்த ஆயிலில் செம்மண் ஒட்டிக் களிம்பாக நிற்கும்.

ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்த்திய காரில் தண்டு ஏற்கெனவே பாதி உள்ளே போயிருக்கும். புது ஷாக்கோடு முழு நீள பம்ப் ஸ்டாப் போட்டால், நின்ற நிலையிலேயே கார் அந்த ரப்பர் மேல் சாய்ந்துகொள்ளலாம். அப்போது உயரம் கூடியது போலத் தெரியும், ஒவ்வொரு குழியும் முதுகில் இடிக்கும். ஸ்பிரிங் கம்பெனி எவ்வளவு வெட்டச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். இந்த ரப்பரை முழுக்க எடுத்துவிடுவது பெரிய தப்பு.

புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவது

என் வண்டியில் கோளாறு இங்கேதான். ஷாக்கோடு, சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷும் ஒரு பட்டறையில் மாற்றினேன். வீட்டுக்கு வந்து அளந்தால் முன்பக்கம் 18 மி.மீ. கூடியிருந்தது. இரண்டு வாரம் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சந்தேகப்பட்டேன். பாளையங்கோட்டை அண்ணாச்சி அடியில் படுத்து டார்ச் அடித்ததுமே சொல்லிவிட்டார்: "வண்டிய அந்தரத்துல வச்சு முறுக்கிட்டாவ."

புஷ் என்பது இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கேறி, கூடுதல் ஸ்பிரிங் போல வண்டியை மேலே தள்ளும். சில ஆயிரம் கி.மீ. ஓடினால் கிழிந்தும் போகும். தாழ்த்திய காரில் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள கோணமும் மாறியிருப்பதால், இதில் கண்டிப்பாகக் கவனம் வேண்டும்.

ஆகவே லோயர் ஆர்ம் போல்ட், பின் ஷாக்கின் கீழ் வளையத்து போல்ட் இரண்டையும் முதலில் கைவிறைப்பில் விடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் கனமான பலகை கொடுத்து அல்லது குழி உள்ள பட்டறையில் நிறுத்தி, காரின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

என் வண்டியில் அண்ணாச்சி லோயர் ஆர்ம் போல்ட் நான்கையும் தளர்த்தி, முன்பக்கத்தைக் கையால் பத்துத் தடவை அமுக்கி, மறுபடி இறுக்கினார். வேறெதையும் மாற்றவில்லை.

மறுபடி டேப்

மாட்டியதும் அளக்காதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நான்கைந்து வேகத்தடை ஏறி இறங்கி, பழைய இடத்திலேயே நிறுத்தி அளவெடுங்கள். 500 கி.மீ. கழித்து இன்னொரு தடவை. அதோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். நக்கிள் போல்ட்டைத் தொட்டாலே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும், டயரின் உள்விளிம்பு தெரியாமலே தேயும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக 5 முதல் 10 மி.மீ. கூடியிருந்தால் அது கேஸ் வேலை, விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங் பள்ளத்தில் உட்காரவில்லை, அல்லது மேல் மவுண்ட் ரப்பர் ஒன்று மட்டும் அமுங்கிப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் தட்டையும் புஷ்ஷையும் பாருங்கள். என் ஸ்விஃப்ட் இப்போது பழைய அளவைவிட 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. வீரவநல்லூர் தடையில் உரசவில்லை.